கப்பல் வேலை: அளவுநாடாவுக்கு அகப்படாத கடன்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கம்பங்களிலும், முல்லைத்தீவு, வவுனியா பக்க வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே விளம்பரம் வெவ்வேறு பெயர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உல்லாசக் கப்பலில் வேலை, டொலரில் சம்பளம், உணவும் தங்குமிடமும் இலவசம், முன் அனுபவம் தேவையில்லை. கீழே ஒரு தொலைபேசி இலக்கம். மேலே வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், அதன் மேல்தளத்தில் நீச்சல் தடாகம், சாய்வு நாற்காலிகள்.

ஊடகக் கற்கை படித்ததால் ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த விளம்பரங்களில் இருப்பதெல்லாம் பயணிகளின் தளங்கள். விண்ணப்பிக்கும் பிள்ளை படுக்கப்போகும் அறை ஒன்றிலும் இல்லை. அந்த ‘இலவசம்’ என்ற சொல்லும் உறுத்துகிறது. கப்பலில் வேலை செய்பவருக்கு உணவும் தங்குமிடமும் கொடுப்பது முதலாளி காட்டும் தயவு அல்ல, சர்வதேசச் சட்டப்படி அவருடைய கடமை. அந்தக் கடமை எப்படி வந்தது, அதற்குள் எது நிறைவேறியது, எது நிறைவேறாமல் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பின்னால் போகவேண்டியிருக்கிறது.

1912இல் மூழ்கிய டைட்டானிக்கை எல்லோருக்கும் தெரியும், படம் பார்த்திருக்கிறோம். அந்தக் கப்பலை ஓடவைத்தவை 29 கொதிகலன்கள், அவற்றின் 159 உலைகள். நாளொன்றுக்குச் சுமார் 600 தொன் நிலக்கரி. அதை வாரி உள்ளே போட்டவர்கள் மனிதர்கள்தான். எந்த உலையை எப்போது திறந்து கரி போட வேண்டும் என்று இலக்கம் காட்டி மணியடிக்கும் ஒரு கருவி கொதிகலன் அறையில் இருந்தது. மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டும், அடுத்த மணிக்கு அடுத்த கதவு. இந்தத் தொழிலாளர்களின் படுக்கைகள் கப்பலின் முன்மூக்கில் இருந்தன. தளம் தளமாக இரும்புக் கட்டில்கள், ஒரே அறையில் பல டசின் பேர். அங்கிருந்து சுழல் படிக்கட்டால் இறங்கி, தனியான ஒரு சுரங்க வழியால் நடந்து கொதிகலன் அறைக்குப் போவார்கள். கரி படிந்த உடம்போடு அவர்கள் பயணிகளின் கண்ணில் படாதபடி கப்பல் வரையப்பட்டிருந்தது.

கப்பல் மூழ்கிய நிமிடத்தோடு பணியாளர்களின் சம்பளமும் நின்றது. கப்பல் இல்லையென்றால் வேலை இல்லை என்பதே அக்காலக் கடல் சட்டம். சுமார் 900 பணியாளர்களில் 700 பேர் வரை இறந்துபோனார்கள். அவர்களுள் வயலின் வாசித்த ஜோக் ஹியூம் என்ற இளைஞரும் ஒருவர். அவருக்கு வயது 21. கப்பலின் இசைக்குழுவைக் கப்பல் கொம்பனி நேரடியாக வேலைக்கு வைத்திருக்கவில்லை. லிவர்பூலில் இருந்த ஒரு முகவர் நிறுவனம் ஆள் அனுப்பியிருந்தது. அந்த முகவர் இசைஞர்களின் சம்பளத்தை மாதம் ஆறரைப் பவுணிலிருந்து நான்கு பவுணாகக் குறைத்திருந்தார். விபத்துக்குப் பின் ஹியூமின் தகப்பனுக்கு முகவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மகனுடைய சீருடைக் கணக்கில் 14 ஷில்லிங் 7 பென்ஸ் பாக்கி இருக்கிறது, கட்டிவிடுங்கள் என்று. நட்டஈடு கேட்டபோது கப்பல் கொம்பனி முகவரைக் கைகாட்டியது, முகவர் கொம்பனியைக் கைகாட்டினார்.

இது வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நடந்தது. நம்மவர்களின் கதை இன்னும் கீழ்த்தளத்தில் இருக்கிறது.

பி அண்ட் ஓ, பிரிட்டிஷ் இந்தியா போன்ற கொம்பனிகளின் கப்பல்களில் தளத்திலும் உலையிலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள். லஸ்கார்கள் என்பார்கள். சில்ஹெட், சிட்டகொங், பஞ்சாப், கோவா என்று பல இடத்தார். 1914 அளவில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 50,000க்கும் மேற்பட்ட லஸ்கார்கள் இருந்தார்கள், ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். அவர்களுக்கான படுக்கை இடத்தைச் சட்டம் கன அடியில் எழுதி வைத்திருந்தது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பற் சட்டத்தின்படி ஒரு மாலுமிக்கு 72 கன அடி. இந்தியச் சட்டத்தின்படி லஸ்காருக்கு 36. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்று பெருக்கிப் பாருங்கள், 36 வரும். அது எதன் அளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. 1906இல் சட்டம் திருத்தப்பட்டு பிரிட்டிஷ் மாலுமியின் இடம் 120 கன அடியாக உயர்ந்தபோது, அந்த உயர்வு லஸ்கார்களுக்குப் பொருந்தாது என்று அதே திருத்தத்திலேயே எழுதப்பட்டது. அவர்களுக்கு 72 போதும் என்றாகியது.

ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே உலை. உடம்புக்கு மட்டும் இரண்டு அளவு. இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இன்றைக்கும் எங்கேயோ கேட்டவைபோல இருக்கும். அவர்கள் சூடு தாங்குவார்கள். ஊரில் நெருக்கமாகப் படுத்துப் பழகியவர்கள். குறைவாகச் சாப்பிடுவார்கள். செங்கடலைக் கடக்கும்போது உலை அறையில் வெப்பம் 50 பாகைக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் புத்தி பேதலித்துக் கடலில் குதித்தவர்களும் உண்டு. சம்பளமோ வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு. சூடு தாங்குகிறான் என்பது பாராட்டு அல்ல, மலிவாக எடுப்பதற்கான சாக்கு.

இந்த ஆட்களைக் கொம்பனி நேரே எடுக்கவில்லை என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியமானது. செராங் என்ற மேஸ்திரிதான் ஆள் சேர்ப்பவன். அவனுக்குக் கீழே டிண்டல். வல்வெட்டித்துறைப் பக்கத்தில் பாய்க்கப்பல் தலைவனைத் தண்டையல் என்று சொல்கிறோமே, அதே சொல்லின் இன்னொரு உருவம்தான் அது. செராங் தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைத் திரட்டுவான். துறைமுகத்தில் மாதக்கணக்காகக் காத்திருப்பவனுக்குச் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கடன் கிடைக்கும். வேலை கிடைத்தால் செராங்குக்கும் தரகனுக்கும் ‘சந்தோஷம்’ கொடுக்க வேண்டும், அதற்கும் கடன். கப்பலேறும்போதே முதல் சில மாதச் சம்பளம் இன்னொருவனுடையது. கொம்பனி பேசுவது செராங்கோடு, லஸ்கார் பேசுவதும் செராங்கோடு.

முல்லைத்தீவில் கரைவலைத் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவன் அடுத்த வாடிக்கு மாற முடியாது. சம்மாட்டி நல்லவராக இருக்கலாம், பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு முன்னின்று செய்பவராகவும் இருக்கலாம். ஆனால் முற்பணம் வாங்கிய கை கணக்குக் கேட்காது. செராங் கடலில் மிதந்த சம்மாட்டி.

ஆகவே 36 கன அடிக்குள் படுத்தவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், அவன் அடங்கிப்போகும் சாதி என்பது பதில் இல்லை. சமயம் வந்தபோது வாய் திறந்தார்கள். 1939இல் போர் தொடங்கியதும் லண்டனிலும் வேறு துறைமுகங்களிலும் லஸ்கார்கள் சம்பள உயர்வு கேட்டுக் கப்பலேற மறுத்தார்கள், பலர் சிறைக்கும் போனார்கள். சாதாரண காலத்தில் கடன்தான் வாயைக் கட்டியது. சாப்பாடு கெட்டுப்போனது என்று முறையிட்டால் அடுத்த பயணத்துக்குச் செராங் கூப்பிடமாட்டான். கடன் அடையாது.

உலகம் இதைக் கவனிக்காமல் இருக்கவில்லை. சர்வதேசத் தொழில் தாபனம் 1920இல் ஜெனோவாவில் கடற்தொழிலாளர்களுக்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. மாலுமிக்கு வேலை தேடிக் கொடுப்பதை இலாபத் தொழிலாக நடத்தக் கூடாது, அதற்காக அவனிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று அங்கே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. நூறு வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அடுத்த ஆண்டு இன்னொன்று: 18 வயதுக்குக் குறைந்தவர்களை உலையில் கரி போடும் வேலைக்கு எடுக்கக் கூடாது. நல்ல விஷயம். ஆனால் உள்ளே ஒரு விலக்கு. இந்தியாவினதும் ஜப்பானினதும் கரையோரக் கப்பல்களில் 16 வயதுப் பிள்ளைகளை எடுக்கலாம். மீண்டும் இரண்டு அளவு.

இதெல்லாம் வங்காளத்துக் கதை, வன்னிக்கு என்ன என்று கேட்பவர்கள் கொழும்புத் துறைமுகத்தை நினைத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையில் ஓடிய பெரிய பயணிகள் கப்பல்கள் கரி ஏற்றக் கொழும்பில் நின்றன. பயணிகள் கரித்தூளுக்குப் பயந்து யன்னல்களை மூடிவிட்டு ஊர் பார்க்கப் போவார்கள். கரி மூட்டைகளைச் சுமந்து கப்பலேற்றியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். அதே வறுமையில் அதே பாக்கு நீரிணையைக் கடந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 1958க்கும் 1977க்கும் பிறகு அடிபட்டு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். இன்று கப்பல் விளம்பர இலக்கத்துக்கு அழைப்பு எடுக்கும் பிள்ளைகளில் அந்தக் குடும்பத்தாரும் உண்டு.

நமக்குக் கப்பல் வரலாறு இல்லாமலில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் நம்மவர் கையால் அமெரிக்கக் கரை சேர்ந்ததை ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதுகிறோம். மதராசுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘ரஜுலா’வின் மேல்தளப் பயணிகளைப் பற்றிக் கதைகள் வந்திருக்கின்றன. கப்பலைக் கட்டியவர் தெரியும், போனவர் தெரியும். அடித்தளத்தில் படுத்தவர் எவரென்று நாம் கேட்டதில்லை.

வன்னியிலும் அப்படித்தான். 2006 டிசெம்பரில் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கிய ஜோர்தானியக் கப்பல் ‘ஃபாரா 3’ எல்லோருக்கும் நினைவிருக்கும். சுமார் 14,000 தொன் அரிசியோடு வந்தது. போருக்குப் பிறகும் அதன் துருப்பிடித்த உடல் முள்ளிவாய்க்கால் கரையில் நின்றது, தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன்முன் நின்று படமெடுத்தார்கள். அதில் 25 மாலுமிகள் இருந்தார்கள் என்பதும், யுத்தத்துக்கு நடுவில் கரையேற்றப்பட்டு செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2009இல் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரை ஏற்றிப்போன ‘கிறீன் ஓஷன்’ கப்பலை எங்கள் தலைமுறை மறக்காது. ஷெல் விழும் கரைக்கு அருகே அந்தக் கப்பலை மீண்டும் மீண்டும் கொண்டுவந்த மாலுமிகளைப் பற்றி நானே இந்தக் கட்டுரைக்கு முன்பு யோசித்ததில்லை.

இனி இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழில் உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அதில் படுக்கையின் உள்ளளவு 198 சென்ரிமீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறையக் கூடாது. சரக்குக் கப்பலில் ஆளுக்கொரு அறை. பயணிகள் கப்பலில் இருவர் அறை என்றால் ஏழரைச் சதுர மீற்றர், நால்வர் அறை என்றால் பதினான்கரை. இந்த அளவுகள் உடன்படிக்கைக்குப் பிறகு கட்டப்பட்ட கப்பல்களுக்கே; பழைய கப்பல்களுக்குப் பழைய விதி. ஏழு நாளில் குறைந்தது 77 மணித்தியால ஓய்வு, அல்லது அதிகபட்சம் 72 மணித்தியால வேலை. வெள்ளைக்கு ஒன்று, மற்றவனுக்கு ஒன்று என்ற வரி எங்கும் இல்லை.

அதே உடன்படிக்கையில் ஆட்சேர்ப்புக் கட்டணம் பற்றியும் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு, இந்த மூன்றின் செலவைத் தவிர வேறு எதையும் மாலுமி கட்டத் தேவையில்லை. விசாச் செலவும் கப்பல் முதலாளியுடையது. வேலை தேடித் தந்ததற்காக ஒரு சதம் வாங்கக் கூடாது. 1920இல் எழுதியது திரும்பவும் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டில் எது நடக்கிறது?

புதுக்குடியிருப்புப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரு உல்லாசக் கப்பலின் லோண்ட்ரியில் ஒன்பது மாதம் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். பெயர் போடக் கூடாது என்ற உறுதியில்தான் பேசினார். தகப்பன் மீன்பிடித் தொழிலாளி. கடலை வாசித்து வளர்ந்த பிள்ளை கப்பலில் செய்தது படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. அந்த ஒன்பது மாதத்தில் கடலைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான் என்று சிரித்தார். அவருடைய அறை நீர்மட்டத்துக்குக் கீழே, யன்னல் இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“அறையில ஒரு குறையும் சொல்லேலாது அண்ணா. ரெண்டு பேர்தான். ஏசி இருக்கு, கட்டிலுக்குத் திரை இருக்கு. எங்கட வீட்டை விடத் திறம்.”

அதை அப்படியே எழுதுகிறேன். நூறு வருடப் போராட்டத்தின் பலன் அந்தத் திரைபோட்ட கட்டில். பிறகு வேலை நேரம், கை, முதுகு என்று பேச்சு போனது. நீராவி இயந்திரத்தில் கை சுட்டதைக் காட்டினார். கப்பல் மருத்துவரிடம் போனீர்களா என்றால், முதல் நாள் போகவில்லை. காயம் பெரிதென்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

“அனுப்பினா அம்மாவின்ர நகை போகும். முதல் நாலு மாசச் சம்பளம் முழுக்க அதுக்குத்தானே போனது.”

நகை எதற்காக அடகு போனது? ஏஜென்சிக்குக் கட்ட. அவர் அதை ஆட்சேர்ப்புக் கட்டணம் என்று சொல்லவில்லை, பற்றுச்சீட்டும் அப்படிச் சொல்லவில்லை. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, ஆங்கில வகுப்பு, நேர்முகத் தயார்ப்படுத்தல், ஆவணச் செலவு என்று ‘பக்கேஜ்’. அந்தப் பயிற்சி உண்மையில் தேவைதான், அது இல்லாமல் கப்பலேற முடியாது. ஆனால் பயிற்சியின் விலையும் வேலையின் விலையும் ஒரே கட்டில் கட்டப்பட்டு வரும்போது எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட ஒருவரும் இல்லை. பணம் கை மாறியது கொழும்பில் இருக்கும் அலுவலகத்திலும் அல்ல, ஊரிலுள்ள உப முகவரின் வீட்டு விறாந்தையில். அவர் சொந்தக்காரர், கோயில் திருவிழாவில் காண்கிற மனிதர். செராங்கும் தன் ஊரில்தான் ஆள் பிடித்தான்.

வன்னியில் கடன் பிறக்கும் விதத்துக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. இங்கே பலருடைய காணி பெர்மிட் காணி, அதை வங்கியில் ஈடு வைப்பது எளிதல்ல. ஆகவே நகை, இல்லாவிட்டால் நுண்கடன், அதுவும் இல்லாவிட்டால் வட்டிக்காரர். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் தாலிக்கொடி வெறும் பவுண் கணக்கு இல்லை. அதை வைத்துப் போன பிள்ளை கப்பலில் யாரோடும் சண்டை பிடிக்காது.

கிளிநொச்சியில் சந்தித்த ஒரு தாய் மகன் கப்பலுக்குப் போய் ஆறு மாதம் என்றார். என்ன வேலை, எந்தக் கப்பல், எந்த நாட்டுக் கொடி என்று கேட்டேன். கப்பலின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. ஒப்பந்தப் பிரதி வீட்டில் இல்லை.

“தம்பி, அவன் ஒண்டும் சொல்ல மாட்டான். எல்லாம் நல்லம் எண்டுதான் சொல்லுவான். கதைக்கேக்க பின்னால எஞ்சின் சத்தம் மட்டும் கேக்கும்.”

என் முடிவு இதுதான். ஜெனோவாக் காலத்துக் கேள்விகள் இரண்டில் ஒன்றுக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. ஏனென்றால் கட்டில் கப்பலில் இருக்கிறது. கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வந்தாலும் அந்நாட்டுப் பரிசோதகர் ஏறி அளவுநாடாவைப் பிடித்துப் பார்க்கலாம், பிழையென்றால் கப்பலைத் தடுத்தும் வைக்கலாம். கப்பல் ஒரு நாள் தாமதித்தால் முதலாளிக்குப் பெருநட்டம், ஆகவே கட்டில் சரியாக இருக்கிறது. கடனோ கப்பலில் இல்லை. அது கிளிநொச்சி அடகுக் கடையில் இருக்கிறது. ஹம்பர்க்கிலோ மயாமியிலோ ஏறும் பரிசோதகருக்கு அது தெரியாது. பிள்ளையைக் கேட்டால், கட்டணம் கட்டவில்லை என்றே சொல்லும். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

கப்பல் நல்லபடி ஓடும்வரை இந்தக் கடன் மறைந்திருக்கும். ஓடாதபோதுதான் தெரியும். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024இல் மட்டும் 312 கப்பல்கள் முதலாளிகளால் கைவிடப்பட்டன. 3,133 மாலுமிகள் சம்பளமும், சில இடங்களில் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் நின்றார்கள். இதில் பெரும்பகுதி சிறிய, பழைய சரக்குக் கப்பல்கள். பெரிய கொம்பனிகள் அனுபவம் கேட்கும். அனுபவமில்லாதவரை உடனே எடுத்துக்கொள்வது இப்படிப்பட்ட கப்பல்கள்தான். கைவிடப்பட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை காப்புறுதி கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. இலங்கையிலுள்ள அடகுக்கு வட்டி கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

கொவிட் காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2020இன் இறுதியில் ஏறத்தாழ நான்கு இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கடலில் நின்றார்கள். அந்த ஏப்ரலில் ‘எம்.எஸ்.சி. மாக்னிஃபிகா’ கொழும்புக்கு அருகால் போனபோது, அதிலிருந்த இலங்கைச் சமையல்காரர் ஒருவர் தன்னை இறக்கும்படி காணொளியில் கேட்ட பிறகே இறக்கப்பட்டார். சொந்த நாட்டு வாசலில் நின்று விடியோ போட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது.

கொழும்பில் இதற்கென்று ஒரு வணிகக் கப்பற் செயலகம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இருக்கிறது. கப்பல் வேலை இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. வீட்டுப் பணிக்குப் போகும் பெண் எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்று பிரதேச செயலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தருக்குத் தெரியும். கப்பலுக்குப் போகும் பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று நான் கேட்ட இரண்டு அலுவலகங்களில் ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற முகவர் யார், யாருடைய உரிமம் இரத்தாகியிருக்கிறது என்ற பட்டியல் தமிழில் ஒரு தாளில் அடித்து ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டப்பட்டால், அதன் செலவு ஒரு ரோனர் பெட்டியின் விலையைத் தாண்டாது. அதோடு உப முகவர் வாங்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டில் பயிற்சிக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுவதைக் கட்டாயமாக்கினால் போதும், பாதிப் ‘பக்கேஜ்’கள் தானாக வற்றும். முகவர்மாரும் இதற்குப் பதில் சொல்கிறார்கள்: பயிற்சி நிலையம் நடத்துவதற்குச் செலவு, கப்பல் கொம்பனிகள் எங்களுக்குத் தருவது கொஞ்சம் என்று. அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கேட்க வேண்டிய இடம் கொம்பனி, புதுக்குடியிருப்பில் இருக்கும் தாய் அல்ல.

போகாதீர்கள் என்று எழுதும் எண்ணம் எனக்கில்லை. 2022இல் ‘லேடி ஆர் 3’ என்ற கப்பலில் 303 பேர் கனடா என்ற பேச்சை நம்பி ஏறி வியட்நாம் கரையில் இறக்கப்பட்டதை ஒப்பிட்டால், கையில் மாலுமிப் புத்தகத்தோடு போவது எவ்வளவோ மேல். 2025இல் ஒரு தேர்ந்த மாலுமிக்குச் சர்வதேச அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 673 டொலர். வன்னியில் அந்தப் பணத்தைத் தரும் வேலைகளை விரலால் எண்ணிவிடலாம். 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு முதல் உல்லாசக் கப்பல் வந்தபோது பயணிகளுக்கு மாலை போட்டோம், படமெடுத்தோம். சமையலறையிலும் லோண்ட்ரியிலும் நின்றவர்கள் எந்த ஊரார், இறங்க விட்டார்களா என்று செய்தி சேகரிக்கப் போன ஒருவரும் எழுதவில்லை. அந்தக் கேள்வியைப் பத்திரிகைகள் கேட்கத் தொடங்கினாலே கொஞ்சம் மாறும்.

லோண்ட்ரியில் வேலை செய்த அந்த இளைஞருக்கு அடுத்த ஒப்பந்தம் வந்துவிட்டது. இந்தமுறை ஏஜென்சிக்குப் பெரிதாக ஒன்றும் கட்டத் தேவையில்லையாம், கொம்பனியே கூப்பிட்டிருக்கிறது. ஒப்பந்தத்தை நான் வாங்கிப் பார்த்தேன், கொடியும் வேலை நேரமும் காப்புறுதியும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கையில் தழும்பு இருக்கிறது. நகையில் வளையல்கள் மீண்டுவிட்டன, தாலிக்கொடி இன்னும் உள்ளே இருக்கிறது. நாலாம் மாதம் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.